தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதாம் மாணவன்

எங்கள் கல்லூரியில் எட்டு வருடம் படித்தும் ஒரு பாடம்கூடத் தேறாத மாணவன் ஒருவன் இருந்தான். பதிவெண்ணின் கடைசி மூன்று இலக்கம் 999. அவன் வகுப்புக்கு வந்ததில்லை, கேன்டீனில் சாப்பிட்டதில்லை, எந்த வாட்ச்மேனும் அவனை நிறுத்தி ஐடி கார்டு கேட்டதில்லை. அவனை உருவாக்கியவள் நான்.

ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில் இருக்கிற அந்தப் பொறியியல் கல்லூரியில் நான் சிஸ்டம் அட்மின். ஆசிரியர்கள் பாடக்குறிப்பு போடுவதும், பிள்ளைகள் அசைன்மென்ட் அனுப்புவதும், மதிப்பெண் வருவதும் ஓர் இணையதளத்தில் நடக்கும். கல்லூரியில் அதற்கு போர்ட்டல் என்று பெயர். அதை ஓப்பன் சோர்ஸ் மென்பொருளில் நான் கட்டினேன். எங்கோ யார் யாரோ எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், திருத்திக்கொள்ளுங்கள் என்று விட்டது அது. விலை கிடையாது. அதனால் நிர்வாகத்தில் அதை ‘ஓசி சாஃப்ட்வேர்’ என்பார்கள். ஓசியில் வந்ததை ஓட வைக்க ஒரு மனுஷி மூன்றாவது மாடியில் மாரடித்துக்கொண்டிருந்தது யார் கண்ணிலும் படவில்லை.

அட்மினாக உள்ளே போனால் எல்லாக் கதவும் திறந்திருக்கும். எது உடைந்திருக்கிறது என்றே தெரியாது. பிள்ளைகளுக்கு என்ன தெரிகிறது என்று பார்க்க வேண்டுமானால் ஒரு மாணவனாகத்தான் போக வேண்டும். அதனால் இந்த வேலையில் இருக்கிற எல்லோரும் ஒரு டம்மி மாணவனை வைத்திருப்போம். மென்பொருளைப் புதுப்பித்த ஒவ்வொரு முறையும் அவனாக நுழைந்து, பாடத்தைத் திறந்து, எதையாவது எழுதி அனுப்பிப் பார்ப்போம். முதலில் அவனுக்கு ‘டெஸ்ட்’ என்றுதான் பெயர் வைத்திருந்தேன். மதிப்பெண் பட்டியலில் டெஸ்ட் என்று வந்து அசிங்கமாக இருக்கிறது என்று ஒரு துறைத்தலைவர் குதித்தார். சரி என்று, தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கிற ஓர் ஆண்பிள்ளைப் பெயரை வைத்து, இனிஷியலும் போட்டுவிட்டேன். பின்னால் வந்த வினைக்கெல்லாம் அந்தப் பெயர்தான் காரணம்.

எனக்கு ஊர் திண்டுக்கல் பக்கம். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அண்ணன் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போன் செய்வார். கல்யாணம் ஏன் நடக்கவில்லை என்பது தனிக் கதை, அது இங்கே வேண்டாம். பருத்திப்பட்டில் ஏரிக்கு அருகே ஒரு ஃப்ளாட்டில் தனியாக இருக்கிறேன். காலையில் ஷேர் ஆட்டோ, பகலெல்லாம் சர்வர் அறை, சாயங்காலம் ஷேர் ஆட்டோ. சர்வருக்காக ஏசி ஓடும், எனக்காக ஒரு சால்வை நாற்காலியில் தொங்கும். போர்ட்டல் ஒழுங்காக ஓடினால் யாரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள். படுத்துவிட்டால் ஐந்து நிமிடத்தில் ஐம்பது போன் வரும். சொல்ல வெட்கமாக இருக்கிறது, சில நாள் அது படுத்தால் தேவலை என்று நினைத்திருக்கிறேன்.

தானாக அந்த அறைக்குள் வருகிற ஒரே ஆள் கல்லூரி எலக்ட்ரீஷியன். கோவில்பதாகைக்காரர். வாரம் ஒருமுறை யுபிஎஸ் பேட்டரியைப் பார்க்க வருவார்.

“இன்னா மேடம், ஃப்ரிட்ஜுக்குள்ள கத்திரிக்கா மாரி குந்திகினு கீறீங்கோ. வெளிய வந்து ஒரு டீ குடிங்கோ” என்பார்.

“வேலை இருக்குண்ணே” என்பேன்.

“அக்காங், அது எப்பவும் கீது” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

போன வருடம் ஜூலையில் பெரிய புதுப்பிப்பு ஒன்று செய்தேன். அதற்குப் பிறகு தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்து தெரிந்தது. இரண்டு நாள் மல்லுக்கட்டிச் சரிசெய்தேன். சரியாகிவிட்டதா என்று பார்க்க, தமிழில் எழுதி அனுப்புகிற ஒரு பாடம் வேண்டும். கல்லூரியிலேயே அப்படி ஒன்றுதான் இருந்தது, முதலாண்டுத் தமிழ். பகுதிநேரமாகப் புதிதாகச் சேர்ந்திருந்த ஓர் ஆசிரியை எடுத்தார். வாராவாரம் ஒரே வீட்டுப்பாடம்: இந்த வாரம் நீ பார்த்த ஒன்றைப் பற்றி ஐந்து வரி. ஐந்துக்கு மதிப்பெண். 999 ஆக நுழைந்து, “அ ஆ இ ஈ. சோதனை. சோதனை” என்று அடித்து, ‘சமர்ப்பி’ பொத்தானை அழுத்தினேன். எழுத்து உடையவில்லை. வேலை முடிந்தது.

அந்த ‘சமர்ப்பி’ நான் வைத்த சொல். ஒரு பொங்கல் விடுமுறையில் ஊருக்குப் போக மனமில்லாமல், போர்ட்டலின் பொத்தான்கள், அறிவிப்புகள் எல்லாவற்றையும் தமிழாக்கினேன். அப்படிச் செய்ய யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்பது ஓப்பன் சோர்ஸில் எனக்குப் பிடித்த விஷயம். திருத்தாத தாளுக்கு என்ன போடுவது என்று மட்டும் ஒரு மத்தியானம் முழுக்க யோசித்தேன். ‘பார்க்கப்படவில்லை’ என்றால் மனசுக்கு என்னவோ போலிருந்தது. கடைசியில் ‘மதிப்பிடப்படவில்லை’ என்று போட்டேன்.

அடுத்த வாரம் எழுத்துரு இன்னும் சரியாக இருக்கிறதா என்று பார்க்க மறுபடி 999 ஆகப் போனேன். ஆசிரியை பதில் எழுதியிருந்தார்.

“தம்பி, உயிரெழுத்து தெரிந்திருப்பதில் மகிழ்ச்சி. நான் கேட்ட ஐந்து வரி எங்கே?”

தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன். மூன்று பிரிவுப் பிள்ளைகளையும் ஒரே பக்கத்தில் சேர்த்திருந்ததால் நூற்றெண்பது பேருக்கு மேல் இருந்தார்கள். வருகைப்பதிவு வேறு மென்பொருளில் நடக்கும். கூட்டத்தில் ஒரு பெயர் அதிகம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? “மேடம், அது டெஸ்ட் அக்கவுன்ட்” என்று ஒரு வரி அனுப்பியிருந்தால் முடிந்திருக்கும். நான் அனுப்பவில்லை. அதற்குப் பதிலாக இப்படி எழுதினேன்:

“ஏரிக்கரையில் நடக்கிறவர்கள் எல்லோரும் ஒரே திசையில் நடக்கிறார்கள். நான் எதிர்த்திசையில் நடந்து பார்த்தேன். அப்போதுதான் எல்லோர் முகமும் தெரிந்தது. பாதிப் பேர் போனில் பேசிக்கொண்டு வந்தார்கள். மீதிப் பேர் தரையைப் பார்த்து வந்தார்கள்.”

“நல்ல பார்வை. ஒருவராவது சிரித்தாரா? ஐந்துக்கு நாலு” என்று பதில் வந்தது.

அதற்கடுத்த வாரம், “ஒருவர் சிரித்தார். எனக்குப் பின்னால் வந்த நாயைப் பார்த்து” என்று தொடங்கி ஐந்து வரி எழுதினேன்.

இப்படியே பிடித்துக்கொண்டது. எழுத்துருவெல்லாம் எப்போதோ சரியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை அனுப்பினால் திங்கள்கிழமை பதில் வரும். ஞாயிற்றுக்கிழமையே ஏரிக்கரையில் நடக்கும்போது மனசு திங்கள்கிழமைக்கு ஓடும். நாற்பத்தாறு வயதுப் பெண்ணை, என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர் ‘தம்பி’ என்று கூப்பிடுகிறார், அதற்குப் போய் இப்படி ஏங்குகிறோமே என்று என்னையே திட்டிக்கொள்வேன். திட்டிவிட்டு எழுதுவேன். என்ன பார்த்தாய் என்று என்னைக் கேட்கிற ஆள் உலகத்தில் வேறு யாரும் இல்லை. உண்மை அதுதான், அதை வேறு மாதிரிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஒரு திங்கள்கிழமை இப்படி எழுதியிருந்தார்: “தம்பி, உன் எழுத்தில் மனுஷர்கள் எல்லோரும் தூரத்திலேயே இருக்கிறார்கள். ஒருவரையாவது பக்கத்தில் போய்ப் பார்த்து எழுது.”

அந்த வாரம் முழுக்க எனக்கு ஒன்றும் ஓடவில்லை. வியாழக்கிழமை எதிர் ஃப்ளாட்டுக்கு ஒரு பார்சல் வந்தது. வீட்டில் ஆள் இல்லை, நான் வாங்கி வைத்தேன். அதை எழுதினேன்:

“எதிர் வீட்டுப் பெண்ணின் பார்சலை வாங்கி வைத்தேன். சாயங்காலம் கதவைத் தட்டிக் கொடுத்தேன். உள்ளே வாங்க என்றார். வேலை இருக்கிறது என்றேன். எனக்கு வேலை எதுவும் இல்லை.”

“அடுத்த முறை உள்ளே போ, தம்பி. ஐந்துக்கு நாலரை. நான் யாருக்கும் இதற்கு மேல் போட்டதில்லை.”

அக்டோபரில் நிர்வாகத்துக்கு ஒரு புது யோசனை வந்தது. காசு கொடுத்து வாங்குகிற போர்ட்டலுக்கு மாறலாம் என்று. அம்பத்தூர் எஸ்டேட்டில் கண்ணாடிக் கட்டடத்தில் இருந்த ஒரு நிறுவனம் வந்து டெமோ காட்டியது. போனில் ஆப், தயார்நிலையில் வீடியோ பாடங்கள், கூப்பிட்டால் எப்போதும் எடுக்கிற உதவி மையம். பக்கத்துக் கல்லூரிகள் இரண்டு வாங்கிவிட்டனவாம். கட்டணம் மாணவர் தலைக்கு இவ்வளவு, வருடாவருடம். இரண்டையும் ஒப்பிட்டு ஒரு குறிப்பு எழுதித் தரும்படி முதல்வர் என்னைக் கேட்டார்.

உட்கார்ந்து எழுதினேன். வாங்குகிறதில் நன்றாக இருக்கிறதை நன்றாக இருக்கிறது என்றே எழுதினேன். ஒரு வருடம் பணம் கட்டாவிட்டால் நம் பாடமெல்லாம் அவர்கள் கதவுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும் என்று எழுதினேன். நம்முடையது நம் சர்வரில், நம் கையில், நம் மொழியில் இருக்கிறது என்று எழுதினேன். பதினோரு பக்கம். அதில் ஒரு பொய் இல்லை. இரண்டு விஷயம் விட்டுப்போயிருந்தது. ஒன்று, இந்த போர்ட்டலை எப்படி நடத்துவது என்று எட்டு வருடத்தில் நான் ஒருவருக்கும் சொல்லித் தரவில்லை. இன்னொன்று, 999.

கூட்டம் முதல்வர் அறையில் நடந்தது. முதல்வர், இரண்டு துறைத்தலைவர்கள், அந்த நிறுவனத்துப் பையன், முதலாண்டு ஆசிரியர்கள் சார்பாகத் தமிழ் ஆசிரியை. அவரை அவ்வளவு பக்கத்தில் அன்றுதான் பார்த்தேன். கறுப்புக் கைக்கடிகாரம், காட்டன் புடவை, முன்னால் ஒரு நோட்டு. என்னைப் பார்த்து, தெரியாத ஆளைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரிச் சிரித்தார்.

முதல்வர் என் குறிப்பைப் புரட்டிவிட்டுக் கேட்டார். “எல்லாம் சரிம்மா. நீங்க லீவு போட்டா யாரு பாப்பாங்க?”

“நான் லீவே போட்டதில்ல சார். சிக்குன்குனியா வந்தப்பகூட, கைகால் வீக்கத்தோட வந்து சர்வரை ஓட வச்சுட்டுப் போனேன்.”

பெருமையாகத்தான் சொன்னேன். சொல்லி முடித்ததும் எனக்கே உறைத்தது. “அதைத்தான்மா நானும் சொல்றேன்” என்றார் முதல்வர், மெதுவாக. “உங்க மேல குறையில்ல. ஆனா நாளைக்கு உங்களுக்கு ஏதாவது ஒண்ணுன்னா?”

நிறுவனத்துப் பையன் பணிவாக, “எங்க சைடுல எப்பவும் ஒரு டீம் இருக்கும் சார்” என்றான். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அவன் மேல் இல்லை. மென்பொருளின் நிரல் முழுக்க ஊர் உலகத்துக்கே திறந்து கிடந்தது, பாஸ்வேர்டை மட்டும் நான் தலைக்குள் பூட்டி வைத்திருந்தேன். இன்னொருவருக்குத் தெரிந்தால் அவரைக் கூப்பிடுவார்கள், என்னைக் கூப்பிட மாட்டார்கள். ஓப்பன் சோர்ஸ் தோற்கவில்லை, அதை நான் தோற்கடித்தேன்.

தமிழ் ஆசிரியை கை உயர்த்தினார். “பிள்ளைங்க எழுதினது, நான் எழுதின கருத்து, இதெல்லாம் புதுசுக்கு வருமா?”

“மார்க் வரும் மேடம். கமென்ட்ஸ் வராது” என்றான் பையன். பிறகு லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டே, “தலைக்கணக்குல ஒரு சின்ன வித்தியாசம் சார். அலுவலகப் பட்டியலைவிட போர்ட்டல்ல ஒருத்தர் அதிகம். அட்மிஷனே இல்லாத ஒரு ஸ்டூடன்ட். ஆனா தமிழ்ப் பாடத்துல ஒரு வாரம்கூட விடாம அசைன்மென்ட் போட்டிருக்கார். ட்ரிபிள் நைன்” என்றான்.

துறைத்தலைவர் ஒருவர் சிரித்தார். ஆசிரியை நிமிர்ந்தார். முகத்தில் ஒரு வெளிச்சம்.

“அந்தப் பையனா? என் வகுப்புலயே நல்லா எழுதறவன் அவன்தான் சார். நேர்ல ஒரு நாளும் பார்த்ததில்ல. ஹாஸ்டல் பையன் போல, கூச்ச சுபாவம்னு நினைச்சேன். அட்மிஷன் இல்லைன்னா எப்படி?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மேஜையைப் பார்த்துச் சொன்னேன். “அது டெஸ்ட் அக்கவுன்ட் சார். அப்டேட் சரியா ஆகியிருக்கான்னு பார்க்க.”

“அப்போ அதுல எழுதினது யாரு?” என்றார் ஆசிரியை. என்னைத்தான் கேட்டார்.

சொல்லியிருக்கலாம். நான் என்று ஒரு சொல். அதிகமாகப் போனால் சிரித்திருப்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்து, “யாரும் இல்ல மேடம். சும்மா எங்கேயோ இருந்து எடுத்துப் போட்டது” என்றேன்.

அவர் நோட்டை மூடி, பேனாவை அதன் மேல் வைத்தார். புது போர்ட்டல் வாங்குவது என்று முடிவானது. நான் அதைப் பாதிதான் கேட்டேன்.

அன்றிலிருந்து 999 ஆக நுழைவதை நிறுத்திவிட்டேன். புதுப்பிக்கவும் இனி ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமை வந்தால் கை பரபரக்கும். சால்வையைப் போர்த்திக்கொண்டு, புது போர்ட்டலுக்கு மதிப்பெண்களை மாற்றுகிற வேலையைப் பார்ப்பேன். திங்கள்கிழமைகளை எப்படித் தள்ளினேன் என்று எழுதினால் நீளும்.

செமஸ்டர் முடியும் சமயத்தில் என் இன்டர்காம் அடித்தது. தமிழ் ஆசிரியை.

“மேடம், ஒரு சந்தேகம். ஒரு கேள்வியை ஒரே ஒரு ஸ்டூடன்ட்டுக்கு மட்டும் தெரியற மாதிரி போட முடியுமா?”

செமஸ்டர் கடைசியில் எல்லோரும் கேட்கிறதுதான் இது. பரீட்சை தவறவிட்ட பிள்ளைக்கு மறுவாய்ப்பு கொடுப்பார்கள். எந்த இடத்தில் போய் எதைத் தேர்வு செய்ய வேண்டும் என்று படிப்படியாகச் சொன்னேன். எந்தப் பிள்ளைக்கு என்று கேட்கவில்லை.

“போட்டா அந்தப் பிள்ளைக்குத் தெரியும்தானே?” என்றார்.

“உள்ள வந்தா தெரியும் மேடம்.”

“சரி மேடம். நன்றி” என்று வைத்துவிட்டார்.

ஜனவரியில் புது போர்ட்டல் வந்தது. அதோடு வந்த வீடியோ பாடங்களில் தமிழும் இருந்ததால், பகுதிநேர வகுப்புகளைக் குறைத்துவிட்டார்கள். ஆசிரியை திருவள்ளூருக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு கல்லூரிக்குப் போய்விட்டதாக எலக்ட்ரீஷியன்தான் சொன்னார். “அந்த டமில் மேடம் போய்ட்டாங்கோ. போறப்ப மாடிப்படியாண்ட நின்னுகினு, சர்வர் ரூம் எந்தப் பக்கம்னு கேட்டாங்கோ. மேல வர்ல. நேரமாய்ட்சு போலக்கீது.”

பழைய சர்வரை நிறுத்துகிற நாள் வந்தது. மத்தியானம் மூன்று மணி. வயரைக் கழற்ற எலக்ட்ரீஷியன் வந்து நின்றார்.

“மேடம், புடுங்கிரட்டா?”

“அஞ்சு நிமிஷம்ணே.”

நிறுத்துவதற்கு முன் எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று கடைசியாக ஒருமுறை மாணவனாகப் போய்ப் பார்ப்பது வழக்கம். எட்டு வருடப் பழக்கத்தில் கை தானாக 999 என்று அடித்தது.

தமிழ்ப் பாடத்தில் ஒரு புதுக் கேள்வி இருந்தது. அவனுக்கு மட்டும்.

“கடைசி ஐந்து வரி. எங்கேயோ இருந்து எடுத்துப் போட வேண்டாம். எழுதியவரே எழுத வேண்டும். இந்த முறை பெயரும் வேண்டும்.”

கெடு முடிந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. அட்மினாகப் பார்த்திருந்தால் ஆயிரம் கேள்விகளில் ஒன்றாக எங்கோ கிடந்திருக்கும், கண்ணில் பட்டிருக்காது. அவனாக ஒரே ஒரு தடவை உள்ளே போயிருந்தால் முதல் பக்கத்திலேயே தெரிந்திருக்கும். எப்படிப் போடுவது என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான்.

கெடுவை நீட்டினேன். அந்த அதிகாரம் இருந்தது. முதல் வரியில் என் பெயரை எழுதினேன். நான் தம்பி இல்லை, நாற்பத்தாறு வயது என்று இரண்டாவது வரி. ஏரி, நாய், பார்சல் எல்லாம் நான் பார்த்தவை என்று மூன்றாவது. திங்கள்கிழமைகளுக்கு நன்றி என்று நாலாவது. கூட்டத்தில் நான் சொன்னது பொய் என்று ஐந்தாவது. சமர்ப்பி.

“இன்னா மேடம், கண்ணு கலங்கிகினு கீது?” என்றார் எலக்ட்ரீஷியன். “ஓசி சாமான்தானே, வுடுங்கோ.”

“அஞ்சு நிமிஷம் இன்னும் ஆகலண்ணே” என்றேன். அந்த ஒரு பாடத்தை மட்டும், மற்றப் பிள்ளைகளின் எழுத்தை எல்லாம் நீக்கிவிட்டு, ஒரு பென் டிரைவில் எடுத்துக்கொண்டேன். பிறகு அவர் வயரைப் பிடுங்கினார்.

இப்போது பருத்திப்பட்டு வீட்டில் ஒரு பழைய லேப்டாப்பில் அந்த போர்ட்டலை ஓட்டுகிறேன். உரிமம் வேண்டாம், தலைக்குக் கட்டணம் இல்லை, யார் அனுமதியும் வேண்டாம். ஓர் ஆசிரியை, ஒரு மாணவன். ஆசிரியையின் போன் எண் எனக்குத் தெரியும். இரண்டு முறை அழைத்து, மணி அடிக்கும் முன்பே வைத்துவிட்டேன். தம்பியாக இல்லாமல் அவரிடம் எப்படிப் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் நடந்துவிட்டு வந்து, சில நாள் அதைத் திறந்து பார்ப்பேன். அட்மின் நான்தான். ஐந்துக்கு ஐந்து நானே போட்டுக்கொள்ளலாம், தடுக்க ஆளில்லை. போடவில்லை. என் பெயரில் தொடங்கும் அந்த ஐந்து வரிக்கு எதிரே, நான் ஒரு மத்தியானம் முழுக்க யோசித்து வைத்த அந்தச் சொல் அப்படியே இருக்கிறது: மதிப்பிடப்படவில்லை.